எர்த் லீக்கேஜ் இருக்கிறது, சரி, லைட்டுக்கும் இருக்கிறதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாடகை வீடு பார்க்கப் போகும்போது ஜன்னல் கம்பி, தண்ணீர், ப்ரீபெய்டு மீட்டர், பக்கத்தில் டாக்ஸி நிற்குமா என்பதையெல்லாம் கவனமாகப் பார்ப்போம். கரண்ட் எப்படி என்று கேட்டால் வீட்டுக்காரர் பிரேக்கர்கள் எல்லாம் இருக்கும் டிபி போர்டின் மூடியைத் திறந்து, அதில் பெரிதாக இருக்கும் ஒரு சுவிட்சைக் காட்டி, எர்த் லீக்கேஜ் இருக்கிறது, கவலையே வேண்டாம் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. எர்த் லீக்கேஜ் என்பது கரண்ட் வெளியே கசிந்தால் தானாக வெட்டிவிடும் சுவிட்ச். ஆனால் அந்தச் சுவிட்ச் காப்பது ப்ளக் பாயிண்டுகளை. இங்குள்ள பெரும்பாலான பழைய வீடுகளில் லைட் லைன் அதன் வழியாகப் போவதே இல்லை. கீசரும் அடுப்பும்கூட அப்படித்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு இது பிடிபடாமல் போவதற்குக் காரணம் உண்டு. இலங்கையிலிருந்து வருகிறவர்கள் மெயினிலேயே ட்ரிப் சுவிட்ச் இருக்கும் வீடுகளில் வளர்ந்தவர்கள். அங்கே அது விழுந்தால் வீடு முழுக்க இருட்டு. லைட்டும் அதன் காவலில்தான் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு எர்த் என்றால் கொல்லைப்புறத்தில் கரியும் உப்பும் போட்டு மூடிய குழி. வெயில் காலத்தில் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் கடமை முடிந்தது. இரண்டு பழக்கமும் இங்கே பொருந்தாது. வீட்டில் சாமான் இறக்குவதற்கு முன்னால் லைட் லைனை எப்படிப் பார்ப்பது, எதை நீங்களே செய்யலாம், எங்கே கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். சொல்வதெல்லாம் 230 வோல்ட், ஒற்றை ஃபேஸ் வீடுகளுக்கு.

வீட்டின் வயதை முதலில் கேளுங்கள்

நம்மவர்கள் அதிகம் வீடு தேடும் இடங்களில் சாட்ஸ்வொர்த் 1964-இல் திறக்கப்பட்டது. எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பெயர்த்து எடுக்கப்பட்ட குடும்பங்கள் அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டன. ஃபீனிக்ஸ் 1976-இல் தொடங்கியது. அதாவது, பின்னால் மாற்றியிருந்தால் தவிர, நீங்கள் பார்க்கிற வீட்டின் வயரிங் ஐம்பது, அறுபது வயதுடையதாக இருக்கலாம். அதைவிட முக்கியம், நகராட்சி கட்டிய அந்தச் சிறிய கவுன்சில் வீடுகள் அப்படியே நிற்கவில்லை. கையில் காசு சேரச் சேர முன்னால் ஒரு வராந்தா, பின்னால் ஒரு சமையலறை, மாடியில் இரண்டு அறை, முற்றத்தில் வாடகைக்கு விட ஒரு அவுட்பில்டிங் என்று வளர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் லைட் லைனை ஒவ்வொருவர் இழுத்திருப்பார். அதில் படித்த எலக்ட்ரீஷியனும் உண்டு, கை சுறுசுறுப்பான மைத்துனரும் உண்டு. எனவே "வீட்டுக்கு என்ன வயது?" என்று கேட்பதோடு, "எந்த அறை எப்போது கட்டியது?" என்றும் கேளுங்கள். பெரும்பாலும் சிக்கல் அந்தக் காலத்து அறையும் பிந்திய அறையும் சேருகிற இடத்தில்தான் இருக்கும்.

டிபி போர்டுக்கு முன்னால்

பகல் நேரத்தில் போங்கள். எல்லா லைட்டையும் போட்டுவிடுங்கள். ப்ளக்கில் ஒரு டேபிள் லேம்பையோ போன் சார்ஜரையோ செருகி வையுங்கள். கம்ப்யூட்டர் ஏதாவது ஓடினால் முதலில் அணைத்துவிடுங்கள். இப்போது எர்த் லீக்கேஜில் இருக்கும் 'டி' என்ற சிறு பொத்தானை அழுத்துங்கள். அது டப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்தக் கருவி செத்துவிட்டது. மாற்றித் தந்தால்தான் குடிவருவேன் என்று சொல்லிவிடலாம்.

விழுந்த பிறகு தலையை உயர்த்திப் பாருங்கள். ப்ளக் எல்லாம் போய், லைட்டுகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தால் லைட் லைன் எர்த் லீக்கேஜுக்கு வெளியே இருக்கிறது என்று பொருள். லைட்டும் சேர்ந்து போனால் உள்ளே இருக்கிறது. நீங்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. சில இடங்களில் பாதி லைட் போகும், பாதி எரியும். அப்படியானால் வீடு இரண்டு மூன்று கைகளில் வயரிங் ஆகியிருக்கிறது. எது எரிந்தது, எது போனது என்று எழுதி வையுங்கள்.

இந்தப் பொத்தான் சோதனையில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. 'டி' பொத்தான் அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். வீட்டில் எர்த் வயர் ஒரு அங்குலம்கூட இல்லாவிட்டாலும் அது ஜோராக விழும். ஆகவே பொத்தானை அழுத்தியதும் விழுந்தது, எர்த் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள்.

அப்புறம், எர்த் லீக்கேஜை மறுபடி மேலே தூக்கிவிட்டு, லைட் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கி எந்த லைட் எதில் போகிறது என்று பாருங்கள். பிரேக்கரின் மேல் இருக்கும் எண்ணையும் படியுங்கள். லைட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 10 ஆம்பியர் பிரேக்கரும் இங்கே வழக்கம், ப்ளக்குக்கு 2.5 வயரும் 20 ஆம்பியரும். லைட் என்று எழுதிய இடத்தில் 20 அல்லது 30 இருந்தால், பழையது அடிக்கடி விழுந்தது, விழாமல் இருக்கப் பெரிதாக மாட்டிவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். அப்படி மாட்டினால் சூட்டைத் தாங்க வேண்டியது பிரேக்கர் அல்ல, சீலிங்குக்குள் இருக்கிற வயர். இன்னும் பீங்கான் ஃபியூஸ் இருக்கும் போர்டுகளும் எப்போதாவது கண்ணில் படும். அதில் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாக ஏதோ வயரிலிருந்து உருவிய செம்பு இழைகளை முறுக்கிப் போட்டிருந்தால், வேறு எதையும் பார்க்காமல் வீட்டுக்காரரிடம் பேசலாம்.

எல்லா லைட் பிரேக்கரையும் இறக்கிய பிறகும் ஒரு லைட் எரிகிறதா? நல்ல கேள்வி அது. அந்த லைட் ப்ளக் லைனிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். ஒட்டிய சுவர் வீடாக இருந்தால் பக்கத்து வீட்டிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். அல்லது இன்வெர்ட்டர். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

பிரேக்கர் உங்களைக் காப்பாற்றாது, ஏன்?

கொஞ்சம் கணக்கு; ஆனால் இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஈரமான கையும் வெறுங்காலுமாக இருக்கும் ஒரு மனிதரின் உடம்பு 1000 ஓம் தடை என்று வைத்துக்கொண்டால், அவர் வழியாக 230 மில்லி ஆம்பியர் ஓடும். 10 மில்லி ஆம்பியரை ஒட்டியே கை பிடித்ததை விட முடியாமல் இறுகிவிடும். 30-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து தொடங்குகிறது. ஆனால் 10 ஆம்பியர் பிரேக்கர் என்பது 10,000 மில்லி ஆம்பியர். அதன் கணக்கில் ஷாக் அடித்துத் தொங்குகிற மனிதர் இன்னொரு 60 வாட்ஸ் பல்பு. அது அசையாது.

எர்த் லீக்கேஜ் வேறு வேலை செய்கிறது. லைனில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், எங்கோ வெளியே கசிகிறது என்று கண் சிமிட்டும் நேரத்தில் வெட்டிவிடும். இந்தக் கருவியில் இந்த நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1950-களின் நடுவில் ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் இங்கே தங்கச் சுரங்கங்களுக்காகச் செய்து பார்த்தது பின்னால் வீட்டுக்கும் வந்தது. ஸ்டில்ஃபொண்டெய்ன் சுரங்கக் குடியிருப்பில் 1957, 1958-இல் நூற்றுக்கணக்கான வீடுகளில் 20 மில்லி ஆம்பியர் கருவிகளை மாட்டினார்கள். அமெரிக்காவில் இது பரவலாவதற்கு முந்திய கதை. அவ்வளவு முன்னால் தொடங்கிய நாட்டில் லைட்டை ஏன் வெளியே விட்டார்கள் என்று கேட்கலாம். கையில் பிடித்துப் புழங்குகிற சாமான்கள்தான் ஆளைக் கொல்கின்றன, லைட் உத்தரத்தில் தொங்குகிறது, யாரும் தொடப்போவதில்லை என்ற கணக்கு அது. கூடவே, எங்கோ ஒரு கெட்டில் கசிந்ததற்காக ராத்திரி மாடிப்படியில் இருட்டாகிவிடக் கூடாது என்ற எண்ணமும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு, லைட் லைனில் ஒழுங்கான எர்த் இருக்கிறது என்று நம்பிப் போட்ட கணக்கு.

எர்த் இருந்தால் என்ன நடக்கும்? பித்தளை லைட் ஒன்றின் உள்ளே லைன் வயர் உரிந்து உடம்பில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் வயர் அந்த உடம்பிலிருந்து போர்டுக்கு நல்ல செம்பாகப் போனால், போய்த் திரும்பும் பாதையின் மொத்தத் தடை 1 ஓம் அளவில் இருக்கும். 230 ஆம்பியர் பாயும். பிரேக்கர் அந்த நொடியே விழும். நீங்கள் தொடுவதற்கு முன்பே கதை முடிந்தது. எர்த் இல்லையென்றால் ஒன்றுமே நடக்காது. லைட் வழக்கம்போல எரியும். அதன் உடம்பு 230 வோல்ட்டில், யாராவது அலுமினிய ஏணியில் ஏறித் தூசி துடைக்கும் நாள் வரை அப்படியே இருக்கும்.

குழி தோண்ட வேண்டாம்

இந்த இடத்தில்தான் நம்மூர்க்காரர் ஒருவர் வந்து, "ஒரு ராடு அடிச்சு வயர் கொடுத்துட்டா முடிஞ்சுது" என்பார். அந்த ராடு மண்ணோடு சேரும் இடத்தில் 50 ஓம் தடை இருந்தால், 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 10 ஆம்பியர் பிரேக்கர் அதை நாள் முழுக்கச் சுமக்கும். லைட்டின் உடம்பும் ராடும் அதைச் சுற்றியுள்ள ஈர மண்ணும் உயிரோடு இருக்கும். மீட்டரில் யூனிட் கரைவதுதான் மிச்சம். தமிழ்நாட்டுக் குழியிலும் இதே கணக்குதான். அங்கே பிரச்சினை வெளியே தெரிவதில்லை, அவ்வளவே. இங்கே நகரங்களில் வீட்டுக்கு எர்த் பொதுவாகச் சப்ளையோடு சேர்ந்தே வருகிறது, கேபிளின் கவசமாகவோ தனிக் கம்பியாகவோ. அது போர்டில் எர்த் வயர்கள் எல்லாம் சேரும் எர்த் பாரில் வந்து இறங்கும். லைட்டின் எர்த் அந்தப் பார் வரை செம்பாகப் போக வேண்டும். ராடு கூடுதலாக இருந்தால் இருக்கட்டும். அதை மட்டும் நம்பிப் பயன் இல்லை.

இன்னொரு கைவைத்தியம் இதைவிட மோசம். எர்த் வயர் இல்லாத இடத்தில் லைட்டின் உடம்பை நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிடுவது. டெஸ்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். நியூட்ரல் எங்காவது ஒரு இணைப்பில் விட்டுப்போன அன்றைக்கு, பல்பின் வழியாக வந்த லைன் நேராக லைட்டின் உடம்பில் வந்து உட்காரும். பிந்திய அறைகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

பழைய லைனில் எர்த் எப்படித் தொலைகிறது?

முதல் காரணம் இரும்புக் குழாய். அந்தக் காலத்து வீடுகளில் தனியாக எர்த் வயர் இழுக்கவில்லை. வயர் போகிற இரும்புக் குழாயே எர்த். கட்டின நாளில் அது அருமையான எர்த். ஆனால் அது துண்டு துண்டாக மரை போட்டு இணைத்த குழாய். டர்பனின் உப்புக் காற்றும் ஈரமும் அந்த மரைகளில் இறங்க நாற்பது வருடம் போதும். மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியன் சீலிங்கில் ஏறி அப்படி ஒரு இணைப்பை அசைத்தால் செம்மண் நிறத்தில் தூள் உதிரும், குழாய் இணைப்புக்குள் லொடலொடவென்று ஆடும். பார்வைக்குக் குழாய் முழுசாகத்தான் இருக்கும். எர்த் அங்கேயே அறுந்துவிட்டது. அப்புறம் யாரோ ஒரு சுவரை இடித்துக் கட்டும்போது நடுவில் இரண்டு மீட்டருக்கு வெள்ளை பிளாஸ்டிக் குழாயை வைத்துவிடுவார்கள். அதற்கப்பால் இருக்கிற எல்லா லைட்டும் எர்த் இல்லாத லைட்.

இரண்டாவது காரணம், அன்றைக்கு லைட் என்றால் பேக்லைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கிலோ பீங்கானிலோ செய்த ஹோல்டர். தொடுகிற இடத்தில் உலோகமே இல்லை. எர்த் இல்லாதது யாரையும் உறுத்தவில்லை. பிறகு வந்தவர்கள் அதே இடத்தில் பித்தளையிலும் ஸ்டீலிலும் அலங்கார லைட்டுகளை மாட்டினார்கள். வயர் பழைய வயர், லைட் மட்டும் புது லைட்.

மூன்றாவது, அவுட்பில்டிங். பெரிய வீட்டு லைட் ஒன்றிலிருந்து இரண்டு இழை வெள்ளை வயரை முற்றத்தைத் தாண்டி இழுத்திருப்பார்கள். அதில் மூன்றாவது வயருக்கு இடமே கிடையாது.

லைட் லைட்டாகப் பாருங்கள்

பிரேக்கரை இறக்கிவிட்டு, கழற்றாமல், கண்ணால் பார்க்கும் வேலை இது. பிளாஸ்டிக் அல்லது பீங்கான் ஹோல்டர் என்றால், விரிசல் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். உலோக லைட் என்றால் அதன் ஸ்டிக்கரைத் தேடுங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு, எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லாத உலோக லைட் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரீஷியன் சோதிக்க வேண்டிய பட்டியல் அதுதான். பக்கத்தில் பச்சை வயர் எட்டிப் பார்ப்பதைக் கண்டு நிம்மதியாகிவிட வேண்டாம். மறுமுனை எதிலும் சேராமல் சீலிங்குக்குள் சுருட்டி வைத்த பச்சை வயர்களுக்குப் பஞ்சமே இல்லை. எர்த் இருக்கிறதா என்று மீட்டர்தான் சொல்லும்.

சுவிட்சை மறக்காதீர்கள். பழைய வீடுகளில் இரும்புப் பெட்டியும் இரும்பு மூடியும் போட்ட சுவிட்சுகள் நிறைய. லைட் உயரத்தில் இருக்கிறது, சுவிட்சை நாம் ஈரக்கையோடு தினமும் தொடுகிறோம். மூடியின் திருகாணி உள்ளே ஒரு வயரைக் கடித்திருந்தால் போதும். எர்த் சரியாகும்வரை மலிவான தீர்வு பிளாஸ்டிக் மூடி. ஆளை வைத்து ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். சுவிட்சுக்குள் இன்னொரு பொறியும் உண்டு. இங்கே நிலையான வயரிங்கில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல், பச்சை அல்லது பச்சை மஞ்சள் எர்த், சில கேபிளில் வெறும் செம்பு. ஆனால் சீலிங்கிலிருந்து சுவிட்சுக்கு இறங்குகிற இரண்டு வயரில் கறுப்பும் லைன்தான். சுவிட்ச் போட்டால் அதில் 230 வோல்ட் வரும். கறுப்பு என்று நம்பி யாரும் தொடக் கூடாது.

மரை வைத்த ஹோல்டரில் லைன் வயர் நடுமுனைக்கும் நியூட்ரல் மரைக்கும் போக வேண்டும். மாறிப் போயிருந்தால் பல்பு மாட்டும்போது விரல் படுகிற மரை லைனாக இருக்கும். சுவிட்ச் நியூட்ரலை வெட்டுவதாக வயர் மாறிப் போயிருந்தால் இன்னும் மோசம்: லைட் அணைந்திருக்கும், ஹோல்டரில் லைன் அப்படியே நிற்கும். அதனால் பல்பு மாற்றுவதாக இருந்தாலும் சுவிட்சை மட்டும் நம்பாமல் பிரேக்கரை இறக்குங்கள்.

சில அறிகுறிகளை வீடே காட்டும். அணைத்த எல்இடி மங்கலாக மினுங்கினால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கலாம். நீளமாகப் பக்கம் பக்கமாக ஓடுகிற வயர்களாலும் அது வரும், ஆகவே பதறாமல் பட்டியலில் சேருங்கள். சுவிட்ச் பக்கத்தில் மீன் கருகின மாதிரி வாடை வந்தால் பிளாஸ்டிக் வேகிறது என்று பொருள். அந்தப் பிரேக்கரை அப்போதே இறக்குங்கள். பழைய ஹோல்டருக்கு மேலே நூல் சுற்றிய ரப்பர் வயர் தெரிந்தால் அதைத் தொட்டு வளைத்துப் பார்க்க வேண்டாம். குண்டு பல்பின் சூட்டில் வருடக்கணக்கில் வெந்த ரப்பர், கிள்ளினால் பிஸ்கட் போல நொறுங்கும்; செம்பு அம்மணமாக நிற்கும்.

ஒரு அறிகுறிக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. வீட்டு லைட்டுகள் எல்லாம் திடீரென்று பளீரென்று ஏறினால் அல்லது மங்கினால், அல்லது குழாயைத் தொட்டால் சுர்ரென்றால், சப்ளை நியூட்ரலோ எர்த்தோ போயிருக்கலாம். தெருவில் செம்புக் கம்பி திருடுகிற ஊரில் இது நடக்கும். மெயினை இறக்கிவிட்டு நகராட்சியைக் கூப்பிடுங்கள். வீட்டுக்குள் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் சாமி அறையில் சீரியல் லைட் போடுவோம். அதைச் சுவர் ப்ளக்கில் செருகினால் எர்த் லீக்கேஜின் காவலில் இருக்கும். சீலிங் ஹோல்டரில் அடாப்டர் மாட்டி அங்கிருந்து இறக்கினால் அதே சீரியல் லைட் காவலுக்கு வெளியே போய்விடும். மல்லிகைச் சரத்தோடு சேர்த்துச் சுற்றி, தண்ணீரும் தெளிக்கிற இடம் அது. எக்ஸ்டென்ஷன் வயர் அசிங்கமாகத் தெரிந்தாலும் ப்ளக்கிலிருந்தே எடுங்கள்.

இன்வெர்ட்டர் இருந்தால்

முறைவைத்துக் கரண்டை நிறுத்தும் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்த 2022, 2023-இல் வசதி உள்ளவர்கள் எல்லாம் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். பலர் அதை முதலில் கொடுத்தது லைட் லைனுக்குத்தான். அப்படிப்பட்ட வீட்டில் மெயினை இறக்கினாலும் லைட் லைனில் கரண்ட் நிற்கும். போர்டில் இரண்டு இடத்திலிருந்து சப்ளை வருவதாக எச்சரிக்கை ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டியிருக்க மாட்டார்கள். இன்வெர்ட்டரை எங்கே அணைப்பது என்று குடிவரும் நாளிலேயே கேட்டு, போர்டின் மூடியில் எழுதி ஒட்டுங்கள். நகரக் கரண்ட் போய் இன்வெர்ட்டர் தனியாக ஓடும்போது அதன் நியூட்ரல் எர்த்தோடு முறையாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எர்த் லீக்கேஜும் வேலை செய்யாது, எர்த்தும் பயன் தராது. இதை எலக்ட்ரீஷியனிடம் தனியாகச் சொல்லிச் சோதிக்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டரிலிருந்து சுவர் ப்ளக்குக்கு இரண்டு முனையும் ஆண் ப்ளக்காக ஒரு வயர் கொல்லைப்புறத்தில் தொங்கினால், அதை வெட்டிக் குப்பையில் போடச் சொல்லிவிட்டு மறுவேலை பாருங்கள்.

ஆளைக் கூப்பிடும்போது

பல்பு மாற்றலாம், பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம், போர்டில் பெயர் எழுதி ஒட்டலாம். நிலையான வயரிங்கில் கை வைப்பது பதிவுபெற்றவரின் வேலை. 2009-ஆம் ஆண்டின் மின் நிறுவல் விதிகள்படி வீட்டுக்குச் செல்லுபடியாகும் சி.ஓ.சி., அதாவது வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ், இருக்க வேண்டும். வீடு கைமாறும்போது அது இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அதற்குப் பிறகு ஏதாவது கூட்டினாலோ மாற்றினாலோ அந்தப் பகுதிக்குத் துணைச் சான்றிதழ் வேண்டும். அவுட்பில்டிங்கில் குடியேறுகிறவர்கள் கேட்க வேண்டியது இந்தத் துணைச் சான்றிதழைத்தான். பெரிய வீட்டின் சி.ஓ.சி.யைக் காட்டி முடித்துவிடுவார்கள்.

வீட்டுக்காரர் கோவிந்தராகவோ நாயுடுவாகவோ இருந்தாலும் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். அங்கிள், ஆன்ட்டி என்று மரியாதையாகத் தொடங்கி, சி.ஓ.சி.யையும் அதோடு சேர்ந்த சோதனை அறிக்கையையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லுங்கள். சான்றிதழ் ஒரு பக்கம்தான். விஷயம் அறிக்கையில் இருக்கிறது. எர்த் தொடர்ச்சி, காப்புத் தடை, எர்த் லீக்கேஜ் விழுகிற அளவு ஆகிய இடங்களில் எண்கள் எழுதியிருக்க வேண்டும். காப்புத் தடை 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. எண்ணுக்குப் பதிலாக வரிசையாக டிக் மட்டும் இருந்தால் அந்த மனிதர் சீலிங்கில் ஏறவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

எலக்ட்ரீஷியன் வந்தால் உங்கள் பட்டியலைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு உலோக லைட்டிலிருந்தும் போர்டின் எர்த் பார் வரை தொடர்ச்சி அளந்து எழுதச் சொல்லுங்கள். வேலை செய்யும் முறையைப் பாருங்கள். நல்ல ஆள் டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்ப்பார், பிறகு அணைத்த இடத்தில் வைப்பார், மறுபடி கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து டெஸ்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று உறுதிசெய்வார். நியான் பல்பு வைத்த ஸ்க்ரூ டிரைவரை ஒருமுறை தட்டிவிட்டுக் கையை உள்ளே விடுகிறவர் மற்ற வேலையையும் அப்படித்தான் செய்வார்.

எர்த் இல்லை என்று தெரிந்தால் வழிகள் சில உண்டு. வயர் நல்ல நிலையில் இருந்து எர்த் மட்டும் இல்லையென்றால், உலோக லைட்டுகளை இரட்டைக் காப்பு லைட்டுகளாக மாற்றுவது சிக்கனம். வாடகை வீட்டுக்கு இதுவே போதும் என்பேன். குழாய் வழி திறந்திருந்தால் அதற்குள் புது வயர்களோடு எர்த்தையும் சேர்த்து இழுப்பது நிரந்தரத் தீர்வு. லைட் லைனை எர்த் லீக்கேஜுக்குள் கொண்டுவருவதையும் சேர்த்துக் கேளுங்கள், ஆனால் ப்ளக்குகளின் கருவியோடு சேர்க்காமல் லைட்டுக்கென்று தனியாக ஒன்று. அப்போது கெட்டில் கசிந்தாலும் மாடிப்படி இருட்டாகாது. எர்த் வயர் இல்லாத லைனிலும் அது ஆளைக் காப்பாற்றும், தொட்ட பிறகுதான் வெட்டும் என்றாலும். பழைய வயர் ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்தால் தனிக் கருவி நிற்காமல் விழும். அப்போது கருவியைக் குறை சொல்லிப் பழையபடி மாற்றிவிடுவார்கள், விடாதீர்கள். ரப்பர் வயர் என்றால் பேச்சே இல்லை, முழுதாக மாற்ற வேண்டியதுதான். அந்த வேலைக்கு ஆள் ஏறும்முன், கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா என்று கேளுங்கள். அப்படியானால் அதில் துளை போடக் கூடாது. தகரக் கூரை என்றால் கூரையும் மழைநீர்ப் பீலியும் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்று அதே நாளில் பார்த்துவிடச் சொல்லலாம்.

வாடகைக்கு விடுகிறவர் தன் வீட்டு மின் இணைப்பின் பாதுகாப்புக்குப் பொறுப்பாளி. செலவு யாருடையது என்ற பேச்சு வந்தால் இதைச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே சொன்னால் வேலை சுலபம். குறிப்பிட்ட லைட்டுகளின் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்து, எந்தத் தேதிக்குள் முடியும் என்று எழுதி வாங்குங்கள். சம்மதிக்காவிட்டால் வேறு வீடு பார்க்கலாம். குடிவந்த பிறகு மறுத்தால், வேலைவாய்ப்பு மற்றும் தொழிலாளர் துறையின் மாகாண அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். இந்த விதிகள் அந்தத் துறையின் கீழ்தான் வருகின்றன. அதுவரை அந்த லைட்டின் பிரேக்கரை இறக்கியே வைத்துவிட்டு, ப்ளக்கில் செருகும் ஒரு ஸ்டாண்டு லைட்டோடு சமாளியுங்கள்.